மூர் முறை

மூர் முறை என்பது பல்கலைக்கழக மட்டத்தில் கணிதம் கற்பிக்கும் முறைகளுள் ஒன்றாகும். இம்முறையில் ஆசிரியர் விரிவுரை ஆற்றுவதில்லை, பாடநூலும் கிடையாது. வரையறைகள், அடிகோள்கள் (நிறுவாமல் ஏற்றுக்கொள்ளப்படும் கூற்றுகள்), தேற்றங்களின் கூற்றுகள் ஆகியவை மட்டுமே மாணவர்களுக்குத் தரப்படுகின்றன. தேற்றங்களுக்கான நிறுவல்களை மாணவர்கள் தாமே கண்டுபிடித்து, வகுப்பின் முன் கரும்பலகையில் எழுதி நிலைநாட்டவேண்டும். அமெரிக்கக் கணிதவியலர் ராபர்ட் லீ மூர் (1882–1974) இதனை உருவாக்கி, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் கையாண்டார். அவர் பெயராலேயே இம்முறை வழங்கப்படுகிறது. டெக்சாஸ் முறை என்ற பெயரும் உண்டு.

மூரிடம் 50 மாணவர்கள் முனைவர் பட்டம் பெற்றனர். அவர்களுட் பலர் இருபதாம் நூற்றாண்டு இடவியலின் முன்னணி ஆய்வாளர்களாயினர். கல்லூரிக் கணிதக் கற்பித்தலைச் சீர்திருத்துவது பற்றிய விவாதங்களில் இம்முறை இன்றும் பேசப்படுவதற்கு இதுவே முதற் காரணம். இரண்டாவது காரணம் மகிழ்ச்சிக்குரியதன்று. சிந்திக்கும் உரிமையை மாணவரிடமே ஒப்படைத்த அந்த வகுப்பில் கறுப்பின மாணவர்களுக்கு மூர் இடம் தரவில்லை. முறையின் பெருமையையும் அதனை உருவாக்கியவரின் சிறுமையையும் எவ்வாறு ஒருங்கே எடைபோடுவது என்பது அமெரிக்கக் கணித உலகில் நெடுங்காலம் நீடித்த கேள்வியாகும்.

பின்னணி

கல்லூரிக் கணித வகுப்பின் வழக்கமான வடிவம் விரிவுரை ஆகும். ஆசிரியர் தேற்றத்தைக் கூறி, நிறுவலைக் கரும்பலகையில் எழுதுவார். மாணவர்கள் பார்த்து எழுதிக்கொள்வர். தேர்வில் அதே நிறுவலை மீண்டும் எழுதுவர். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து பிழையின்றி வருவதைக் காணும்போது, நிறுவல் புரிந்துவிட்டது என்ற எண்ணம் மாணவருக்கு ஏற்படும். ஆனால் முதல் வரியை எழுத ஒருவருக்கு எப்படித் தோன்றியது, எந்த எந்த வழிகள் முயன்று பார்த்துக் கைவிடப்பட்டன என்பவை கரும்பலகையில் வருவதில்லை. ஆகவே, இதுவரை கண்டிராத ஒரு கூற்றை நிறுவச் சொன்னால், நல்ல மதிப்பெண் பெற்ற மாணவரும் திகைத்து நிற்பதுண்டு. நீச்சலைக் கரையிலிருந்து பார்த்தே கற்றவரின் நிலை இது எனலாம். இந்த இடைவெளியை முற்றிலும் நீக்கிவிட முயன்றதே மூர் முறையின் தனித்தன்மை.

தோற்றம்

மூர் 1882 ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் பிறந்தார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் புரூஸ் ஹால்ஸ்டெட் என்பாரிடம் கணிதம் பயின்றார். அக்காலத்தில் ஜெர்மானியக் கணிதவியலர் டேவிட் ஹில்பர்ட் 1899 இல் வெளியிட்ட வடிவவியல் அடிகோள்கள் பெரிதும் பேசப்பட்டு வந்தன. அவ்வடிகோள்களுள் ஒன்று தேவையற்றது, ஏனையவற்றிலிருந்தே அதனை நிறுவிவிடலாம் என்பதை மாணவராக இருந்த மூர் 1902 இல் காட்டினார். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கணிதத் துறைத் தலைவராக இருந்த ஈ. எச். மூரும் (இருவருக்கும் உறவில்லை) இதே முடிவை எட்டியிருந்தார். எனினும் இளையவரின் நிறுவல் மேலும் எளிமையானதாக இருந்தது. இதன் பயனாக அவருக்குச் சிக்காகோவில் படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஆசுவால்ட் வெப்லனின் வழிகாட்டலில் 1905 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

சிக்காகோவில் விரிவுரைகளைக் கேட்கும்போது மூர் ஒரு பழக்கத்தை மேற்கொண்டதாகக் கூறப்படுகிறது. பேராசிரியர் தேற்றத்தைச் சொன்னதும், அவர் எழுதி முடிப்பதற்குள் தாமே நிறுவலைக் கண்டுபிடித்துவிட முயல்வாராம். விரிவுரையைப் பந்தயமாக்கிக்கொண்ட இந்த மாணவரே பின்னர் விரிவுரையே இல்லாத வகுப்பை நடத்தினார் என்பது பொருத்தமாகவே தோன்றுகிறது.

சில கல்வி நிறுவனங்களில் பணியாற்றிய பின், 1911 முதல் 1920 வரை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மூர் கற்பித்தார். வடிவவியலின் அடிப்படைகள் பற்றிய வகுப்பில் இம்முறை அங்கேயே உருப்பெற்றது. 1920 இல் டெக்சாஸ் திரும்பினார். 1969 இல், தம் 86 ஆம் வயதில், ஓய்வு பெறும்வரை அங்கேயே கற்பித்தார். ஓய்வும் அவர் விரும்பிப் பெற்றதன்று.

வகுப்பு நடைபெறும் விதம்

மூர் தம் வகுப்புக்கு மாணவர்களைத் தாமே தேர்ந்தெடுத்தார். பாடத்தை முன்னரே வேறிடத்தில் கற்றவர்களை அவர் சேர்ப்பதில்லை. அனைவரும் ஏறத்தாழ ஒரே அளவு அறியாமையுடன் தொடங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. நிறுவலை முன்பே படித்த ஒருவர் வகுப்பில் இருந்தால், மற்றவர்களின் முயற்சி பயனற்றுப் போகும் என அவர் கருதினார்.

முதல் நாளில் சில அடிகோள்களும் வரையறைகளும் கரும்பலகையில் எழுதப்படும். சில தேற்றங்களின் கூற்றுகள் தரப்படும். அவ்வளவே. அடுத்த வகுப்பில் மூர் ஒரு மாணவரின் பெயரைச் சொல்லி, முதல் தேற்றத்தின் நிறுவல் உள்ளதா என்று கேட்பார். உள்ளது என்றால் அவர் கரும்பலகைக்குச் செல்லவேண்டும். இல்லை என்றால் அடுத்தவர். யாரிடமும் இல்லையெனில் வகுப்பு அன்று நகராமல் நிற்கும். ஒரே தேற்றத்தில் நாட்கணக்கில் நின்றதும் உண்டு. அப்போதும் மூர் நிறுவலைத் தாமே சொல்லிவிடுவதில்லை. எளிமையான துணைக்கேள்வி ஒன்றைத் தருவதோடு நிறுத்திக்கொள்வார்.

பின்வரும் விதிகள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட்டன. பாடம் தொடர்பான நூல்களையோ ஆய்வுக் கட்டுரைகளையோ பார்க்கக் கூடாது. வகுப்புக்கு வெளியே ஒருவரோடு ஒருவர் கலந்து பேசக் கூடாது. கரும்பலகையில் நிற்பவரின் நிறுவலில் ஐயம் இருந்தால் மற்றவர்கள் உடனே கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பிழை தென்பட்டால், அதனைத் திருத்த முதல் வாய்ப்பு நிறுவியவருக்கே. தாமே அத்தேற்றத்தை நிறுவ விரும்பும் மாணவர், பிறர் நிறுவும்போது வகுப்பை விட்டு வெளியே சென்றுவிடலாம். இப்படி வெளியேறுவது தோல்வியின் அடையாளமன்று; அங்கே அது மதிப்புக்குரிய செயலாகவே கருதப்பட்டது.

மாணவர்களை அழைக்கும் வரிசையும் தற்செயலானதன்று. யார் வலுக்குறைந்தவர் என மூர் எண்ணினாரோ அவரே முதலில் அழைக்கப்படுவார். மிகத் திறமையானவர் கடைசியில். வலியவரை முதலில் அழைத்தால் ஒரே மாணவர் எல்லாத் தேற்றங்களையும் நிறுவிவிடுவார், மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுவர். பெயருக்கு விரிவுரை இல்லாவிட்டாலும், மாணவர் ஒருவர் ஆற்றும் விரிவுரையாக வகுப்பு மாறிவிடும். மூரிடம் 1935 இல் முனைவர் பட்டம் பெற்ற எஃப். பர்ட்டன் ஜோன்ஸ், 1977 இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இவ்வகுப்பின் நடைமுறையை விளக்கியுள்ளார்.

ஓர் எடுத்துக்காட்டு

முறையின் இயல்பை ஒரு தேற்றத்தைக் கொண்டு விளக்கலாம். புள்ளிக்கண இடவியலில் தொடக்கத்திலேயே வரும் கருத்து எல்லைப் புள்ளி என்பதாகும். எண் கோட்டில் அமைந்த ஒரு கணத்தையும், ப என்னும் ஒரு புள்ளியையும் எடுத்துக்கொள்வோம். ப அக்கணத்தைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும் என்பதில்லை. ப-வை உள்ளே கொண்ட திறந்த இடைவெளி ஒவ்வொன்றிலும், ப அல்லாத, அக்கணத்தைச் சேர்ந்த புள்ளி ஒன்றேனும் இருந்தால், ப அக்கணத்தின் எல்லைப் புள்ளி எனப்படும்.

இப்போது அ, ஆ என இரண்டு கணங்கள் உள்ளன. தரப்படும் தேற்றம் இது: ப என்பது அ, ஆ ஆகியவற்றின் ஒன்றிப்புக் கணத்துக்கு எல்லைப் புள்ளியானால், அது அ-வுக்கோ ஆ-வுக்கோ எல்லைப் புள்ளியாகும். வாசகர்கள் மேலே படிக்குமுன் தாமே முயன்று பார்க்கலாம்.

முதலில் அழைக்கப்படும் மாணவர் பெரும்பாலும் இவ்வாறு கூறுவார்: ப-வை உள்ளே கொண்ட எந்த இடைவெளியை எடுத்தாலும், ஒன்றிப்புக் கணத்தின் புள்ளி ஒன்று அதில் உள்ளது, அப்புள்ளி அ-வைச் சேர்ந்தது அல்லது ஆ-வைச் சேர்ந்தது, எனவே ப அ-வின் எல்லைப் புள்ளி அல்லது ஆ-வின் எல்லைப் புள்ளி. கேட்பதற்கு இது சரியாகவே தோன்றும். விரிவுரை வகுப்பில் இப்படி எழுதிய விடைத்தாளில் சிவப்புக் கோடு ஒன்று விழும். மாணவர் அதைப் பார்த்துவிட்டு மறந்துவிடுவார். மூரின் வகுப்பிலோ பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி எழும்: ஓர் இடைவெளியில் கிடைப்பது அ-வின் புள்ளியாகவும், மற்றோர் இடைவெளியில் கிடைப்பது ஆ-வின் புள்ளியாகவும் இருக்கலாமே? எல்லா இடைவெளிகளிலும் ஒரே கணத்தின் புள்ளி கிடைக்கும் என்பது எங்கே நிறுவப்பட்டது?

கரும்பலகையில் நிற்பவரிடம் இதற்கு விடை இல்லை. அவர் அமர்ந்து மீண்டும் சிந்திக்கிறார். ஒருவேளை மறுநாள், ஒருவேளை அடுத்த வாரம், யாராவது ஒருவருக்கு எதிர்மறையாகத் தொடங்கலாம் என்று தோன்றும். ப இரண்டு கணங்களுக்கும் எல்லைப் புள்ளி இல்லை என்று கொள்வோம். அப்படியானால் ப-வை உள்ளே கொண்டும், ப அல்லாத அ-வின் புள்ளி எதுவும் இல்லாமலும் ஓர் இடைவெளி உண்டு. அதேபோல ஆ-வுக்கும் வேறோர் இடைவெளி உண்டு. இவ்விரண்டு இடைவெளிகளும் ஒன்றையொன்று வெட்டும் பகுதியும் ப-வை உள்ளே கொண்ட ஓர் இடைவெளியே. அதில் ப அல்லாத அ-வின் புள்ளியும் இல்லை, ஆ-வின் புள்ளியும் இல்லை. ஆகவே ப ஒன்றிப்புக் கணத்தின் எல்லைப் புள்ளியாக இருக்க முடியாது. இது எடுத்துக்கொண்டதற்கு முரண். தேற்றம் நிறுவப்பட்டது.

நிறுவல் ஐந்தாறு வரிகள்தான். ஆனால் ஒரு வாரம் தவறான வழியில் நடந்தவருக்கு, ஒவ்வோர் இடைவெளிக்கும் ஏதோ ஒரு கணம் என்பதும், ஏதோ ஒரு கணம் ஒவ்வோர் இடைவெளிக்கும் என்பதும் வெவ்வேறு கூற்றுகள் என்பது பின்னர் மறக்காது. உயர் கணிதத்தில் மாணவர்கள் மிகுதியாக இடறும் இடங்களுள் இதுவும் ஒன்று.

இங்கே வகுப்பு முடிவதில்லை. இரண்டு கணங்களுக்குப் பதிலாக எண்ணிறந்த கணங்கள் இருந்தாலும் தேற்றம் மெய்யாகுமா என்ற கேள்வி அடுத்து வரும். மெய்யாகாது. 1 மட்டும் உள்ள கணம், 1/2 மட்டும் உள்ள கணம், 1/3 மட்டும் உள்ள கணம் என்று தொடரும் கணங்களை எடுத்துக்கொண்டால், அவற்றுள் எதற்கும் எல்லைப் புள்ளி கிடையாது; ஆனால் எல்லாவற்றின் ஒன்றிப்புக்கும் 0 எல்லைப் புள்ளியாகிறது. மேற்கண்ட நிறுவல் இங்கே எந்த இடத்தில் முறிகிறது என்று தேடும் மாணவர், எண்ணிறந்த இடைவெளிகளின் வெட்டு ஓர் இடைவெளியாக இருக்கவேண்டியதில்லை என்பதைக் கண்டுகொள்வார். மூர் தரும் கூற்றுகளுள் பொய்யானவையும் கலந்திருப்பதுண்டு. நிறுவுவதா, எதிர் எடுத்துக்காட்டுத் தருவதா என்பதும் மாணவரின் பொறுப்பே.

மாணவர்கள்

மூரின் முதல் முனைவர் பட்ட மாணவர் ஜே. ஆர். கிளைன் (1916). மூன்றாமவர் அன்னா முல்லிக்கின் என்ற பெண்மணி. 1922 இல் பட்டம் பெற்றார். அவர் பின்னர் ஃபிலடெல்ஃபியாவில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிந்தார். அவருடைய பள்ளியில் பயின்ற மேரி எலிசபெத் ஹாம்ஸ்ட்ராம் என்பவர் 1952 இல் மூரிடமே முனைவர் பட்டம் பெற்றார்.

ஆர். எல். வைல்டர் காப்பீட்டுக் கணக்கியல் கற்கும் எண்ணத்துடன் டெக்சாஸ் வந்தவர். மூரின் வகுப்பில் சேர்ந்து, இரண்டு ஆண்டுகளில் இடவியலில் முனைவரானார் (1923). ஜி. டி. வைபர்ன், ஆர். எச். பிங், எட்வின் மோய்ஸ், ஆர். டி. ஆண்டர்சன், கெய்ல் யங் ஆகியோரும் இவ்வரிசையில் குறிப்பிடத்தக்கவர்கள். பிங் உயர்நிலைப் பள்ளியில் கற்பித்துக்கொண்டிருந்து, முப்பது வயதை எட்டிய பின் 1945 இல் பட்டம் பெற்றவர். நெடுநாள் தீராதிருந்த கோளம் பற்றிய ஒரு கேள்விக்கு அடுத்த ஆண்டிலேயே விடை கண்டார். மூரின் மாணவர்களுள் மூவர் (வைபர்ன், வைல்டர், பிங்) அமெரிக்கக் கணிதக் கழகத்தின் தலைவர்களாயினர். அமெரிக்கக் கணிதச் சங்கத்துக்கு ஐவர் தலைவர்களாயினர்.

மேரி எல்லன் ரூடின் (1924–2013) இவர்களுள் தனியிடம் பெறுபவர். 1941 இல் கல்லூரியில் சேரவந்த நாளில் மூரைத் தற்செயலாகச் சந்தித்தார். அன்று முதல் 1949 இல் முனைவர் பட்டம் பெறும்வரை ஒவ்வொரு பருவத்திலும் மூரிடம் ஒரு பாடமாவது பயின்றார். எந்தக் கணிதச் சிக்கலையும் தம்மால் தீர்க்க முடியும் என்ற நம்பிக்கையை மூர் ஊட்டினார் என்று அவர் பின்னாளில் நன்றியுடன் கூறியுள்ளார். அதே நேர்காணலில், தாம் ஏமாற்றப்பட்டதாகவும் உணர்ந்ததைக் கூறியுள்ளார். முனைவர் பட்டம் பெற்றபோது தமக்கு இயற்கணிதம் சிறிதும் தெரியாது, பிறர் எழுதிய ஆய்வுகளையும் படித்ததில்லை, மற்றவர்கள் பட்டமேற்படிப்பில் கற்கும் எதையும் தாம் கற்கவில்லை என்பது அவருடைய குறை. இடவியலில் மிகச் சிறந்த எதிர் எடுத்துக்காட்டுகளை உருவாக்கியவர் என்று புகழப்பட்ட அவர், தம் மாணவர்களுக்கு மூர் முறையில் கற்பிக்கவில்லை.

இன ஒதுக்கல்

டெக்சாஸ் பல்கலைக்கழகம் தன் வரலாற்றின் பெரும்பகுதியில் வெள்ளையர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. சட்டக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்ட ஹீமன் சுவெட் தொடுத்த வழக்கில், 1950 இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதன் பின்னரே பட்டமேற்படிப்புகளில் கறுப்பின மாணவர்கள் சேர வழி பிறந்தது. மூர் அதற்குப் பின்னும் 19 ஆண்டுகள் கற்பித்தார். ஆயினும் தம் வகுப்பில் கறுப்பினத்தவரை ஏற்க மறுத்தார். பல்கலைக்கழகம் திறந்துவிட்ட கதவை ஒரு பேராசிரியர் தம் அறை வாயிலில் மூடிக்கொண்டார் என்பதே நடந்தது. மாணவர்களைத் தாமே தேர்ந்தெடுக்கும் அவரது வழக்கம் இதற்கு வசதியாயிற்று.

விவியன் மலோன் மேய்ஸ் (1932–1995) இவ்வாறு மறுக்கப்பட்டவர்களுள் ஒருவர். டெக்சாஸின் வேகோ நகரில் பிறந்த அவர், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் பெற்றார். சொந்த ஊரின் பேலர் பல்கலைக்கழகம் 1961 இல் இனத்தைக் காரணம் காட்டி அவரைச் சேர்க்க மறுத்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ஆனால் மூரின் வகுப்பில் கிடைக்கவில்லை. ஆசிரிய உதவியாளர் பணியும் அவருக்குத் தரப்படவில்லை. முதல் வகுப்பில் அவர் மட்டுமே கறுப்பினத்தவர், அவர் மட்டுமே பெண். உடன் பயின்றோர் அவரிடம் பேசுவதையே தவிர்த்தனர். இத்தனைக்கும் இடையே 1966 இல் முனைவர் பட்டம் பெற்றார். தம்மை மாணவராக ஏற்க மறுத்த பேலர் பல்கலைக்கழகத்திலேயே அதே ஆண்டு பேராசிரியராகப் பணியேற்று, அங்கு கற்பித்த முதல் கறுப்பினப் பேராசிரியரானார்.

மூரின் பெயர் தாங்கிய கட்டடம் ஒன்று டெக்சாஸ் பல்கலைக்கழக வளாகத்தில் 1970களிலிருந்து இருந்துவந்தது. கணிதத் துறையும் அதிலேயே இயங்கியது. 2020 ஜூலையில் பல்கலைக்கழகம் அப்பெயரை நீக்கி, இயற்பியல், கணித, வானியல் கட்டடம் எனப் பெயரிட்டது.

மூரின் இனக் கொள்கையும் அவருடைய கற்பித்தல் முறையும் வெவ்வேறானவை, ஒன்றை விடுத்து மற்றதை ஏற்கலாம் என்பது ஒரு சாரார் கருத்து. இது பெருமளவு சரியே. ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். யார் வகுப்பில் இருக்கத் தகுதியுடையவர், யார் வலியவர், யார் மெலியவர் என்ற தீர்ப்புகள் அனைத்தும் மூர் முறையில் ஆசிரியர் ஒருவரின் கையிலேயே உள்ளன. இந்த முடிவற்ற அதிகாரம் முறையின் ஓர் உறுப்பாகவே இருந்தது.

பிற குறைகள்

பாடப்பரப்பு சுருங்குவது முதன்மையான குறையாகும். விரிவுரையில் ஒரு மாதத்தில் முடியும் பகுதிக்கு இம்முறையில் ஒரு பருவம் தேவைப்படலாம். ரூடின் கூறிய குறையும் இதன் விளைவே. புள்ளிக்கண இடவியல் போன்று, சில அடிகோள்களிலிருந்து தொடங்கி வளரும் துறைகளுக்கு இம்முறை நன்கு பொருந்துகிறது. நீண்ட கணக்கீடுகளும் பல துறைகளின் முன்னறிவும் தேவைப்படும் பகுதிகளுக்கு அவ்வளவு பொருந்துவதில்லை. நூல்களைப் படித்து அறியும் திறன் ஆய்வாளருக்கு இன்றியமையாதது. அதனை இம்முறை வளர்க்கவில்லை, தடுக்கவும் செய்தது. மூர் 1932 இல் புள்ளிக்கணக் கோட்பாட்டின் அடிப்படைகள் பற்றி முழு நிறுவல்களுடன் ஒரு நூல் எழுதினார் என்பதும், அது தம் மாணவர்கள் படிப்பதற்கன்று என்பதும் சற்று வியப்பளிப்பவை.

வகுப்பு சிறியதாக இருத்தல் வேண்டும். மேலும், போட்டி மனப்பான்மை எல்லோருக்கும் ஊக்கமளிப்பதில்லை. வாரக்கணக்கில் ஒன்றும் நிறுவ இயலாத மாணவருக்கு அமைதியாக அமர்ந்திருப்பது பெரும் துன்பமே. மூரின் புகழ் வெற்றி பெற்ற ஐம்பதின்மரைக் கொண்டு பேசப்படுகிறது. இடையில் கணிதத்தையே கைவிட்டவர்களைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

மாற்றியமைக்கப்பட்ட வடிவங்கள்

மூரின் கண்டிப்புகளைத் தளர்த்திப் பலர் இம்முறையைப் பின்பற்றினர். மூரின் மாணவரல்லாத பால் ஹால்மோஸ் (1916–2006) இதனை வலுவாக ஆதரித்தவர். கேள்விகளையும் தேற்றக் கூற்றுகளையும் அச்சிட்டுக் கொடுத்து வகுப்பு நடத்தினார். பிற்கால வடிவங்களில் மாணவர்கள் சிறு குழுக்களாகக் கலந்து பேச அனுமதிக்கப்படுகின்றனர். தேற்றங்கள் சிறு படிகளாகப் பிரித்துத் தரப்படுகின்றன. தேவைப்படும்போது ஆசிரியர் சுருக்கமாக விளக்குவதும் உண்டு. இவை அனைத்தும் இன்று வினவல்வழிக் கற்றல் என்ற பொதுப்பெயரால் வழங்கப்படுகின்றன. மிச்சிகன், சிக்காகோ, டெக்சாஸ், கலிஃபோர்னியா (சாண்டா பார்பரா) ஆகிய பல்கலைக்கழகங்களில் இதற்கென மையங்கள் நிறுவப்பட்டன.

மூருடன் ஒப்பிட்டுக் காணத்தக்கவர் கிளாரன்ஸ் ஸ்டீபன்ஸ் (1917–2018). 1943 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற இவர், அமெரிக்காவில் கணிதத்தில் முனைவரான ஒன்பதாவது கறுப்பினத்தவர். மாணவர்கள் தாமே சிந்தித்து நிறுவவேண்டும் என்பதில் இவர் மூருடன் உடன்பட்டார். ஆனால் இவருடைய தொடக்கப்புள்ளி வேறு: தக்க சூழலும் போதிய காலமும் கிடைத்தால் வகுப்பில் உள்ள எவரும் கணிதம் கற்க இயலும் என்று இவர் நம்பினார். தேர்ந்தெடுத்து விலக்குவது இவர் வழக்கமன்று. பாடத்தின் அளவைக் குறைத்து, நிதானமாகச் சென்று, மாணவரின் தன்னம்பிக்கையைக் காப்பதே ஆசிரியரின் முதற்கடமை என்றார். கறுப்பின மாணவர்களுக்கான மார்கன் கல்லூரியில் 1947 முதல் 1962 வரை இவர் பணியாற்றினார். அங்கு 1964 இல் பட்டம் பெற்ற ஒரே வகுப்பைச் சேர்ந்த மூவர் பின்னர் கணிதத்தில் முனைவர்களாயினர். மூர் டெக்சாஸில் கறுப்பின மாணவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் இவை.

பின்னர் நியூயார்க் மாநிலத்தின் போட்ஸ்டம் கல்லூரியில் 1969 முதல் 1987 வரை ஸ்டீபன்ஸ் கணிதத் துறைத் தலைவராக இருந்தார். பெயர் பெற்றிராத அச்சிறு கல்லூரியில் 1985 இல் 184 பேர் கணிதத்தை முதன்மைப் பாடமாகக் கொண்டு பட்டம் பெற்றனர். இது அவ்வாண்டு அங்கு பட்டம் பெற்றோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும். அமெரிக்கா முழுவதிலும் இதைவிட அதிகமான கணிதப் பட்டதாரிகளை உருவாக்கியவை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாகங்கள் மட்டுமே.

ஆய்வு முடிவுகள்

மூரின் காலத்தில் அவரது முறையின் பயனை எவரும் முறையாக அளந்து பார்க்கவில்லை. அவருடைய மாணவர்களின் பெயர்ப்பட்டியலே சான்றாகக் காட்டப்பட்டது. திறமையுள்ளவர்களைப் பொறுக்கியெடுத்த வகுப்பில், வெற்றிக்குக் காரணம் முறையா, பொறுக்கலா என்பதைப் பட்டியலைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

2014 இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளை ஒப்பிட்டது. விரிவுரை வகுப்புகளில் சராசரியாக 34 விழுக்காட்டினரும், மாணவர்கள் செயலில் ஈடுபடும் வகுப்புகளில் 22 விழுக்காட்டினரும் தேறவில்லை என்பது அதன் முடிவு. தேர்வு மதிப்பெண்களும் பின்னவற்றில் ஏறத்தாழ 6 விழுக்காடு உயர்ந்திருந்தன. ஆனால் இந்த ஆய்வுகள் பல்வேறு முறைகளைப் பற்றியவை. மூரின் கண்டிப்பான வடிவத்துக்கு இவற்றை அப்படியே சான்றாகக் கொள்வது தவறாகும்.

வினவல்வழிக் கற்றல் மையங்கள் இருந்த மேற்கண்ட நான்கு பல்கலைக்கழகங்களில் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வும் 2014 இல் வெளியாயிற்று. வழக்கமான வகுப்புகளில் பெண்கள் தாம் ஆண்களைவிடக் குறைவாகவே கற்றதாகக் கூறினர். வினவல்வழி வகுப்புகளில் இவ்வேறுபாடு காணப்படவில்லை. மாறாக, நுண்புல இயற்கணித வகுப்புகள் குறித்து 2020 இல் வெளியான மற்றோர் ஆய்வு, வினவல்வழி வகுப்புகளில் ஆண்களின் தேர்ச்சி பெண்களின் தேர்ச்சியைவிட மேம்பட்டிருந்ததைக் கண்டது. ஒப்பிடப்பட்ட பிற வகுப்புகளில் அத்தகைய வேறுபாடு இல்லை. குழுவில் யார் பேசுகிறார், கரும்பலகைக்கு யார் செல்கிறார், யாருடைய பிழையை மற்றவர்கள் பொறுமையுடன் கேட்கின்றனர் என்பவற்றை ஆராயும் பணிகள் இதனைத் தொடர்ந்து நடைபெற்று வருகின்றன.